வகுப்பறைக்குள் வந்த நயாகரா

நான்காம் வகுப்பின் முதல் நாள். கோடை விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று ஐந்து பத்தி எழுதச் சொல்கிறார் டீச்சர். ஹேங்க் ஸிப்ஸருக்கு வயிற்றைக் கலக்குகிறது. நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி வாயால் சொல்லச் சொன்னால் வெளுத்து வாங்குவான். பென்சிலைப் பிடித்தால் ஒரு வரி நகராது.

அதற்காகச் சும்மா இருப்பானா? எழுதுவதற்குப் பதில் நயாகராவையே மாடலாகச் செய்து, வகுப்புக்குத் தூக்கி வருகிறான். தண்ணீரும் பாய்கிறது... வகுப்பறை முழுக்க! பையன் நேராகத் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிறான்.

2003-ல் வெளிவந்த ஹேங்க் ஸிப்ஸர் வரிசையின் முதல் கதை இது. எழுதியவர்கள் ஹென்றி வின்க்ளர், லின் ஆலிவர். வின்க்ளர், 'ஹேப்பி டேஸ்' தொடரில் ஃபான்ஸியாக வந்து அமெரிக்காவையே கலக்கிய நடிகர். நியூயார்க்கில் வளர்ந்த அவருடைய சொந்தக் கதைதான் ஹேங்க்.

சின்ன வயதில் அவருக்கு வீட்டில் கிடைத்த பட்டம், ஜெர்மன் மொழியில் 'முட்டாள் நாய்'. சோம்பேறி என்ற பேச்சு வேறு. வாரக்கணக்கில் வெளியே விடாமல் மேஜை முன் உட்கார வைத்தும் படிப்பு ஏறவில்லை. ஜியோமெட்ரியில் பாஸாவதற்கே 4 வருடம் படாதபாடு பட்டார். நடிப்புத் தேர்வுகளில், படிக்க முடியாத வசனங்களைத் தானாகவே இட்டுக்கட்டிச் சமாளித்தார்.

மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகனைப் பரிசோதித்தபோது 'டிஸ்லெக்ஸியா' என்றார்கள். அந்த அடையாளங்களைக் கேட்கக் கேட்க, 'இது என் கதையாச்சே!' என்று வின்க்ளருக்கு உறைத்தது. அப்போது அவருக்கு வயது 31. முதலில் வந்தது நிம்மதியல்ல, கோபம். அத்தனை திட்டும் தண்டனையும் எதற்காக?

அந்தக் கோபத்தை அழுகைக் கதையாக்காமல் சிரிப்புக் கதையாக்கியதுதான் அழகு. அவர் சொல்லச் சொல்ல, ஆலிவர் தட்டச்சு செய்ய, இருவரும் சேர்ந்து கதையை வளர்த்தார்கள். ஹேங்க்தான் கதையைச் சொல்கிறான். அதனால் அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவனோடு சேர்ந்து சிரிக்கிறார்கள். 'அசடு' என்று பெயரெடுத்த பிள்ளைக்கு, இப்படி ஒரு சிநேகிதன் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

டிஸ்லெக்ஸியாவுக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் படிப்பதில்தான் சிக்கல். மாத்திரை கிடையாது. ஆனால் சரியாகக் கண்டுபிடித்து, பொறுமையாக வேறு முறையில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை முன்னேறும்.

கதையில், தண்டனைக்காக உட்கார வைக்கப்பட்ட ஹேங்க்கிடம் ஓர் இசை ஆசிரியர் பேச்சுக் கொடுக்கிறார். தண்ணீர் ஏன் கொட்டியது என்பதைவிட, இவ்வளவு கெட்டிக்காரப் பையனால் ஏன் எழுத முடியவில்லை என்பதுதான் அவர் கண்ணில் படுகிறது. ஹேங்க்குக்கு விடிவு பிறப்பது அங்கேதான்.

நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் பிள்ளையிடம், "சரி, எழுத வேண்டாம்... வாயால் சொல்லு கண்ணு" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். உள்ளே ஒரு நயாகராவே இருக்கக்கூடும்.