பேப்பர் போட்டுட்டு வர முடியாத வேலை

பொண்ணு டாக்டராகணும்னு சொன்னா வீட்டுல கேசரி கிண்டுவாங்க. ஐ.டி. கம்பெனின்னு சொன்னா எவ்வளவு பேக்கேஜ்னு கேட்பாங்க. 'நான் ஆர்மியில சேரப் போறேன்'னு சொன்னா?

எங்க வீட்டுல ஒரு நிமிஷம் யாருமே பேசல. அடுத்த நிமிஷம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க.

"உன்னை எவன்டி கட்டிப்பான்?" இது என் மாமியார். "வெயில்ல கருகிப் போயிடுவே" இது நாத்தனார். "'அமரன்' படத்தை மூணு தடவை பார்த்தா இப்படித்தான்" இது அவ அப்பா.

நான் மட்டும் வாயைத் திறக்கல. நான் ஒரு ஸ்கூல் டீச்சர். தினமும் அடுத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு அட்வைஸ் பண்றதுதான் தொழில். ஆனா நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் சொல்றது வேற விஷயம் இல்லையா? "ஒரு வாரம் டைம் கொடு பாப்பா, நானும் விசாரிக்கறேன்"னு மட்டும் சொன்னேன்.

அவளுக்கு 18 வயசு. பி.எஸ்ஸி. முதல் வருஷம். என்.சி.சி. கேடட். காலையில அஞ்சரைக்கு பரேடுக்கு அலாரம் இல்லாம எழுந்திரிப்பா, எட்டு மணி க்ளாஸுக்கு நாலு தடவை எழுப்பணும். அவளோட ஃப்ரெண்ட் ஒருத்தி, அக்னிவீர் திட்டத்துல பெண்களுக்கான ராணுவ போலீஸ் வேலை பத்திச் சொல்லியிருக்கா. பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிஷத்துக்குள்ள ஓடணும். பத்து அடி நீளம் தாண்டணும், மூணு அடி உயரம் தாண்டணும். எங்க பொண்ணு இது மூணையும் அசால்ட்டா பண்ணுவா. "காலேஜை விட்டுட்டு இப்பவே போறேம்மா"ன்னு நிக்கறா.

"ஆர்மின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"ன்னு மிரட்டவும் முடியாது. எங்களுது வேலூர் பக்கம். இங்க கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊருக்கு 'ராணுவப்பேட்டை'ன்னே பேரு. தலைமுறை தலைமுறையா பட்டாளத்துக்கு ஆள் அனுப்பற ஊர். எங்க அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டன்ல ட்ரெயினிங், ஹவில்தாரா ரிட்டயர்டு. அவ ஆசைக்கு விதை எந்த சினிமாவுல இருந்தும் வரல. வெள்ளை பெயின்ட்ல பேரும் நம்பரும் எழுதின தாத்தாவோட கறுப்பு டிரங்குப் பெட்டியில இருந்துதான் வந்தது.

"தாத்தா ரெஜிமென்ட்லயே சேரணும்மா"ன்னா. அங்கயே முதல் கட்டை விழுந்தது. வழக்கமான காலாட்படையில பெண்களைச் சேர்க்கறது இல்ல. டாங்க் படையிலயும் இல்ல. பீரங்கிப் படைக்கு 2023-லதான் முதல் முறையா அஞ்சு பெண் அதிகாரிகள் போனாங்க, அவங்க நம்ம சென்னை பரங்கிமலை அகாடமியில பயிற்சி முடிச்சவங்க. விமானப் படையில 2016-லயே மூணு பேர் போர் விமானம் ஓட்ட வந்துட்டாங்க. கதவுகள் ஒவ்வொண்ணா திறக்குது. ஆனா எல்லாம் திறந்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போகக் கூடாது.

அந்த ஒரு வாரம் நானும் அவளும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். நடுவுல கோடு போட்டு, இந்தப் பக்கம் 'இப்பவே', அந்தப் பக்கம் 'டிகிரிக்கு அப்புறம்'.

இப்பவே போனா அக்னிவீர். 2022 ஜூன்ல அறிவிச்ச திட்டம். நாலு வருஷம் வேலை. அறிவிச்சப்போ சொன்ன கணக்குப்படி முதல் வருஷம் மாசம் 30 ஆயிரம், அதுல 9 ஆயிரம் நிதிக்குப் பிடிச்சுக்கிட்டு 21 ஆயிரம் கையில வரும். நாலாவது வருஷம் மொத்தம் 40 ஆயிரம். முடிஞ்சு வெளியே வரும்போது சுமார் 11.71 லட்சம் ரூபாய். பென்ஷன் கிடையாது. நாலு பேர்ல ஒருத்தரை, அதாவது 25 சதவீதம் வரைக்கும், தொடர்ந்து வெச்சுக்குவாங்க. மத்தவங்களுக்கு மத்திய ஆயுதப் படைகள்ல ஒதுக்கீடு அறிவிச்சிருக்காங்க.

"22 வயசுல கையில பத்து லட்சத்துக்கு மேல இருக்கும்மா. என் செட்ல யார்கிட்ட இருக்கும்?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. நான் மறுக்கல. "சரி, 22 வயசுல டிகிரி இருக்காது. அதையும் எழுது"ன்னேன். எழுதிக்கிட்டா.

டிகிரிக்கு அப்புறம்னா வேற கதவு, ஆபீசர் கதவு. யு.பி.எஸ்.சி. நடத்தற சி.டி.எஸ். எக்ஸாம் எழுதலாம். சென்னை ஓ.டி.ஏ.வுக்கு மட்டும்னா மேத்ஸ் பேப்பர் கிடையாது, இங்கிலீஷும் பொது அறிவும்தான். என்.சி.சி.யில 'சி' சர்டிஃபிகேட் 'பி' கிரேடாவது வாங்கி, டிகிரியில 50 சதவீதம் எடுத்தா எழுத்துத் தேர்வே இல்லாம நேரா எஸ்.எஸ்.பி.க்குப் போக ஒரு வழி இருக்கு. ஆனா அதுல பெண்களுக்கான இடம் விரல் விட்டு எண்ணிடலாம்.

எஸ்.எஸ்.பி. அஞ்சு நாள் நடக்கும். ஒரு டெஸ்ட்ல 60 வார்த்தை காட்டுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் 15 செகண்ட், மனசுல பட்டதை எழுதணும். நாம யாருன்னு நமக்கே தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சிடும்!

அதுல தேறி, மெடிக்கல்ல தேறினா பரங்கிமலையில 49 வாரம் பயிற்சி. அப்புறம் பத்து வருஷ வேலை, விருப்பப்பட்டா இன்னும் நாலு வருஷம் நீட்டிக்கலாம். அதுக்கு மேல நிரந்தரமா இருக்கறதுக்கு பெண் அதிகாரிகள் வருஷக்கணக்கா கோர்ட்டுல போராடினாங்க. 2020 பிப்ரவரி 17-ம் தேதிதான் உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. ஆபீசருக்கு பென்ஷன் வேணும்னா 20 வருஷம் வேலை செய்யணும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

இன்னொரு கதவு என்.டி.ஏ. ப்ளஸ் டூவோடயே போறது. 2021-ல கோர்ட் சொன்ன பிறகு பெண்களுக்குத் திறந்தாங்க. முதல் பேட்ச்ல 17 பொண்ணுங்க 2025 மே மாசம் பயிற்சி முடிச்சு வெளியே வந்தாங்க. பத்தொன்பதரை வயசு வரைக்கும்தான் சேர முடியும். உங்க தங்கச்சி ப்ளஸ் ஒன் படிச்சா இன்னைக்கே சொல்லி வைங்க.

மாமியார் கேட்ட கேள்விக்கும் நோட்டுல இடம் கொடுத்தோம். சேரும்போது கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஆபீசர் வழியில போனா பயிற்சி முடியற வரைக்கும் பண்ணிக்கவும் கூடாது. அதுக்கப்புறம் அது அவ இஷ்டம். 1988-ல, கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கங்கற காரணத்துக்காக ஒரு ராணுவ நர்ஸை வேலையை விட்டு அனுப்பினாங்க. அது தப்புன்னு சொல்லி அவங்களுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2024-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. தீர்ப்பு வர 36 வருஷம் ஆச்சு!

இதெல்லாம் கணக்கு. நோட்டுல எழுதிடலாம். எழுத முடியாத ஒண்ணு இருக்கே... அதைத்தான் நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சுத்திக்கிட்டிருந்தேன்.

1987. எனக்கு எட்டு வயசு. ஜூலை 29-ம் தேதி இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அமைதி காக்கன்னு நம்ம படை போச்சு. மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் போச்சு. அக்டோபர்ல புலிகளோட நேரடிச் சண்டையாவே ஆகிடுச்சு. 1990 மார்ச்ல முழுசா திரும்பி வர்றதுக்குள்ள சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்துட்டாங்க. அந்த மண்ணுல செத்துப் போன பொதுமக்களும் ஏராளம்.

அப்பாகிட்ட இருந்து ப்ளூ இன்லாண்ட் லெட்டர் வரும். முகவரியில '56 ஏ.பி.ஓ.'ன்னு மட்டும் இருக்கும். பட்டாளத்துக்காரங்க லெட்டர்ல ஊர் பேரே இருக்காது. அவர் எங்க இருக்கார்னு எங்க அம்மாவுக்கு ரேடியோ நியூஸ்தான் சொல்லணும். திரும்பி வந்த அப்பா அதைப் பத்தி எங்ககிட்ட பேசினதே இல்ல. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை, நோட்டோட நேரா தாத்தாகிட்ட போய் உட்கார்ந்துட்டா இவ. "தாத்தா, சிலோன்ல என்ன ஆச்சு?"ன்னு கேட்டுட்டா. எனக்குக் கையில இருந்த டம்ளர் நழுவற மாதிரி ஆயிடுச்சு.

அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் சொன்னார்: "எதிர்ல அடிபட்டு விழறவனும் 'அம்மா'ன்னுதாம்மா கத்துவான். நம்ம பையன் விழுந்தாலும் 'அம்மா'ன்னுதான் கத்துவான். ராத்திரியில எது யார் குரல்னு தெரியாது."

"போகமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே தாத்தா?"

"யார்கிட்ட கண்ணு சொல்றது?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனா நான் ஒரு வாரமா தேடின வார்த்தை எனக்குக் கிடைச்சிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில அவகிட்ட சொன்னேன். "பாப்பா, நீ சாகறதைப் பத்தி யோசிச்சிருப்பே. உன் வயசுல அது வீரமாத்தான் தெரியும். கொல்றதைப் பத்தி யோசிச்சியா? யாரைங்கறதை நீ முடிவு பண்ண மாட்டே. எங்கேங்கறதையும் நீ முடிவு பண்ண மாட்டே. ஐ.டி. கம்பெனியில பிடிக்கலைன்னா பேப்பர் போட்டுட்டு வரலாம். இங்க நடுவுல விட்டுட்டு ஓடி வந்தா அது குற்றம், 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டப்படி தண்டனை. நமக்கெல்லாம் இருக்கற அடிப்படை உரிமைகளையே படையில இருக்கறவங்களுக்குக் குறைக்கலாம்னு அரசியல் சட்டத்தோட 33-வது பிரிவு சொல்லுது. யூனியன் கிடையாது. பேப்பர்காரங்ககிட்ட பேச முடியாது. நீ சேர்றதுதான் உன்னோட முடிவு. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு முடிவு எல்லாம் வேறொருத்தரோடது. அதனால இந்த ஒரு முடிவை அவசரமா எடுக்காதே."

அவ உடனே கேட்டா: "அப்ப ஆபீசரா போனா மட்டும் நான் முடிவு பண்ணுவேனா?"

இல்லதான். ஆபீசருக்கும் மேல ஆபீசர் இருக்காங்க. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. மூணு வருஷம் படிப்பு முடிச்சு, நாலு ஊர் மனுஷங்களைப் பார்த்து, ஒரு உத்தரவு சட்டப்படி சரியா தப்பான்னு புரியற வயசுல போறது வேற. 18 வயசுல ஃப்ரெண்ட் போறான்னு போறது வேற. கையில ஒரு டிகிரி இருந்தா, வெளியே வர்ற அன்னைக்கும் அது கூட வரும். இதைத்தான் சொன்னேன். ஆர்மி வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. அப்படிச் சொல்ற உரிமை, பட்டாளத்துச் சம்பளத்துல படிச்ச எனக்குக் கிடையாது.

அவ பக்கத்து நியாயத்தையும் சொல்லிடணும். டிகிரி முடிக்கறதுக்குள்ள அக்னிவீர் வயசு வரம்பு ஏறக்குறைய முடிஞ்சிடும். எஸ்.எஸ்.பி.யில தேறாம போனா ரெண்டு கதவும் மூடிக்கும். "அப்ப என்னம்மா பண்றது?"ன்னு கேட்டா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த ரிஸ்க் அவளோடது, நான் வாங்கிக்க முடியாது.

அவளுக்கு 18 முடிஞ்சாச்சு. என் கையெழுத்து இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஆனாலும் மூணு நாள் யோசிச்சுட்டு, "காலேஜ் முடிக்கறேன்மா. ஆனா ஒரு கண்டிஷன். தேர்டு இயர்ல 'சி' சர்டிஃபிகேட் வாங்கிட்டு, சி.டி.எஸ்.ஸும் எழுதுவேன். அப்ப நீ புதுசா காரணம் கண்டுபிடிக்கக் கூடாது"ன்னா. சரின்னுட்டேன். சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் விட்டா!

ஸோ, இதைப் படிக்கற தங்கச்சிங்களா, தம்பிங்களா... உங்கள்ல யாருக்காவது யூனிஃபார்ம் ஆசை இருந்தா, வீட்டுல சொல்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுங்க. எந்தக் கதவு, எத்தனை வருஷம், வெளியே வரும்போது கையில என்ன, இதை எழுதுங்க. அறிவிப்பை முழுசா படிங்க, ஃபார்வர்டு மெசேஜை நம்பாதீங்க. ஊர்ல ரிட்டயர்டு ஆன பட்டாளத்துக்காரர் கட்டாயம் ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட மெடலைப் பத்திக் கேட்காதீங்க, பிடிக்காத உத்தரவு எப்பவாவது வந்துச்சான்னு கேளுங்க. அவர் சொல்ற பதிலைக் கேட்ட பிறகும் உங்களுக்குப் போகணும்னு தோணிச்சுன்னா, அது நிஜமான ஆசைதான்.

அப்பா, அம்மா பயந்தா அவங்களைக் கோழைன்னு நினைக்காதீங்க. எனக்கும் பயம் போகல. நம்ம புள்ளை எங்க இருக்குன்னு சொல்லாத ஒரு முகவரிக்கு லெட்டர் போடறது எப்படின்னு எனக்கு எட்டு வயசுலயே தெரியும்.

இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அவ ஓடிப் பழகறா. நான் மனசைப் பழக்கிக்கறேன்.