புது சைக்கிள், பழைய பயம்

‘சைக்கிள்ல என்ன சார் புதுசா வந்துடப் போகுது? ரெண்டு சக்கரம், ஒரு செயின், ஒரு மணி. அவ்வளவுதானே!’ என்பார் நண்பர் ஒருவர். கடைத்தெருவுக்குப் போய்வரும் சைக்கிளுக்கு அவர் சொல்வது சரி. மலைப்பாதையில் ஓட்டுகிற ‘மவுண்டன் பைக்’ சமாசாரம் வேறு. கலிஃபோர்னியாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1995-ல் வாங்கிய ஒன்றை 28 வருஷம் ஓட்டிவிட்டுப் புதுசுக்கு மாறினேன். கட்டைவண்டியிலிருந்து இறங்கிக் காரில் ஏறியது போல இருந்தது.

மாறியதற்குக் காரணம் ஆசை இல்லை, வயசு. எனக்கு 57. கூட ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு காறை எலும்பை முறித்துக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டார்கள். “உங்களுக்கு மட்டும் என்ன இரும்பு எலும்பா? பேசாம வாக்கிங் போங்களேன்” என்றாள் மனைவி. மகள் குறுக்கே புகுந்தாள். “நிறுத்தச் சொல்லாதேம்மா, வண்டியை மாத்தச் சொல்லு.”

கல்யாணமாகித் தனியே இருக்கிற மகளோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். போனில் ‘சாப்பிட்டியா’வுக்கு மேல் பேச்சு ஓடாது. மலையேறும்போது மூச்சிரைக்க எல்லாம் வரும் - ஆபீஸ் அரசியல், மாமியார், மாப்பிள்ளையின் குறட்டை. அதை வாக்கிங்குக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இந்த வண்டி பிறந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் பயணம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்ட்டி. அங்கே டமால்பயஸ் என்றொரு மலை. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘மவுண்ட் டாம்’ என்பார்கள். (தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நானும் ஆசைப்பட்டுப் பார்த்தேன்.) 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், 1930, 40-களில் வந்த பலூன் டயர் ஷ்வின் சைக்கிள்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கருகே 1976-ல் அவர்கள் பந்தயம் விட்ட மண்பாதையின் பெயர் ‘ரீபேக்’. சுமார் 2 மைலில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். அடிவாரம் வருவதற்குள் ஹப் சூடேறி, உள்ளேயிருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ரவுண்டு. அந்த மறுபடி அடைக்கிற வேலைக்குத்தான் ரீபேக் என்று பெயர்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே ஒரு ஃபிரேம் செய்தார். அந்த முதல் வண்டி இப்போது ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கிறது. 1981-ல் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ தொழிற்சாலையிலேயே மொத்தமாகத் தயாராகி வந்தது. எல்லாம் மாறியும் பழைய ஷ்வினின் 26 அங்குலச் சக்கரம் மட்டும் முப்பது வருஷத்துக்கு ஒட்டிக்கொண்டது. யாரும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த அளவில்லை. அன்றைக்குக் கையில் கிடைத்த டயரின் அளவு!

என் புது வண்டிக்கு 29 அங்குலம். சின்னச் சக்கரம் வைத்த சூட்கேஸ் நடைபாதை விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும், பெரிய சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஏறிப் போய்விடும். அதே தத்துவம்தான். பழசில் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, ஆக 21 கியர். புதுசில் முன்னால் ஒன்றே ஒன்று. பின்னால் பன்னிரண்டு, அதில் பெரியது டிபன் தட்டு சைஸுக்கு இருக்கிறது. பழைய பிரேக்கை நான்கு விரலால் இறுக்கினால் வண்டி யோசித்து நிற்கும், மழையில் ரொம்ப யோசிக்கும். புதுசில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக், ஒரு விரல் போதும். சீட்டோ சலூன் நாற்காலி மாதிரி. ஹேண்டில்பாரில் ஒரு லீவரைத் தட்டி உட்கார்ந்தால் இறங்கும், எழுந்து தட்டினால் ஏறும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று உண்டு. அதுதான் முக்கியம். அந்தக் காலத்து மவுண்டன் பைக்குகள் ரோடு சைக்கிளின் கோணங்களோடு வந்தவை. முன் ஃபோர்க் கிட்டத்தட்ட நிமிர்ந்து, 71 டிகிரியில் இருக்கும். ஹேண்டில்பார் ஒடுங்கி முன்னால் தள்ளியிருக்கும். செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் ஒரு கல்லில் இடித்தால் ஆள் தலைகுப்புற. அதனால் எங்களுக்கெல்லாம் ஒரே வேதம்: பின்னால் போ. சீட்டுக்குப் பின்னே பின்சக்கரத்துக்கு மேலே தொங்கு. வயிறு சீட்டில் உரசினால் சரியாகத் தொங்குகிறாய் என்று அர்த்தம்.

புது வண்டியில் ஃபோர்க் 65 டிகிரி. முன்சக்கரம் நமக்கு வெகுதூரம் முன்னாலேயே ஓடுகிறது. படி இறங்கும்போது காலைக் கொஞ்சம் நீட்டி வைக்கிறோமே, அந்த மாதிரி. தலைகுப்புற விழுவது அபூர்வம். ஆனால், இதில் பழைய வேதப்படி பின்னால் தொங்கினால் முன்சக்கரத்தில் பாரம் இருக்காது. பாரமில்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது, திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்போது உயிரைக் காத்தது எதுவோ, இப்போது அதுவே கீழே தள்ளும்!

மூளைக்கு இது ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இடுப்புக்குத்தான் இன்னும் புரியவில்லை. ஸ்கைலைன் சாலையோரம் எல் கோர்ட்டே டி மதேரா என்றொரு காடு. ரெட்வுட் மரங்கள், வேர்கள், பாறைகள். இறக்கம் வந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமலே பின்னால் நகரும். “அப்பா, முன்னாடி வா... முன்னாடி!” என்று பின்னாலிருந்து கத்துவாள் மகள். ஆறு வயசில் அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ‘பயப்படாதே, நேரா பாரு’ என்று கத்தியவன் நான். வேலைப் பங்கீடு மாறிவிட்டது.

புதுசிடம் குறையும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகப் போனால் முன்சக்கரம் மேயப் போகும் மாடு மாதிரி இங்குமங்கும் அலைகிறது. பிரேக் ஆயில் மாற்ற ஆள் வேண்டும். முன்பெல்லாம் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் போதும். தவிர, பழைய வண்டி பாதையைப் படிக்க வைத்தது. எந்தக் கல்லுக்கு இடது, எந்த வேருக்கு வலது என்று பத்தடி முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். புதுசு எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கிவிடுகிறது. கோனார் நோட்ஸ் வைத்துப் பாஸானது போல லேசாக ஒரு குற்ற உணர்ச்சி.

பழசைத் தூக்கிப் போடவில்லை. சான் ஹோசேயில் படிக்கிற மதுரைப் பையன் ஒருவன் வழவழப்பான டயர் மாட்டிக் காலேஜுக்கு ஓட்டுகிறான். “கல்லு மாதிரி இருக்கு சார்” என்றான். இருக்கும். மலையையே பார்த்த வண்டிக்கு தார் ரோடு எம்மாத்திரம்?

பயம் என்பது வெறும் உணர்ச்சி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 28 வருஷம் பழகினால் அது எலும்பிலும் தசையிலும் உட்கார்ந்து விடுகிறது. ஆபத்து விலகிய பிறகும் அது எழுந்து போவதில்லை. வண்டியைக் கடையில் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். பயத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அங்குலமாக, தவணை முறையில் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.