தோணிரேவில் இரு பூநாரைகள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து சென்றால் பழவேற்காடு. அதன் ஏரிக்கரைச் சிற்றூர்களுள் ஒன்று தோணிரேவு. 'ரேவு' என்பது தெலுங்கில் துறையைக் குறிக்கும். இரு மொழிகள் கைகோத்த அப்பெயருக்கேற்ப, ஏரியும் தமிழகத்திலும் ஆந்திரத்திலுமாக விரிந்து கிடக்கிறது. இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மழைக்காலம் ஓய்ந்தபின் தோணியேறினோம். ஆழமற்ற நீரில் பூநாரைகள் அணிவகுத்து நின்றன. அவற்றிடையே உருவில் சிறிய சிலவற்றைக் கண்ட நண்பர், "குஞ்சுகளோ?" என்றார். "குஞ்சுன்னா சாம்பலா இருக்கும் சாமி, இது வேற வகை" என்று எம்மை நோக்கி விடையளித்தார் தோணிக்காரர்.

அவர் கூற்று மெய்யே. இங்கு மிகுதியாக வருவது பெரிய பூநாரை; நான்கு, ஐந்து அடி உயரம், வெளிறிய உடல், நுனி மட்டும் கறுத்த அலகு. சிறிய பூநாரையோ மூன்றடிக்கு மிகாது, நிறம் அழுத்தமானது, அலகு கருஞ்சிவப்பு. இரண்டும் தலைகவிழ்ந்து நீரைச் சலித்தே உண்கின்றன. பெரியது சேற்றைக் கிளறிச் சிற்றிறால், புழு, நத்தை, விதை எனக் கிடைத்ததை ஏற்கும். சிறியது நீலப்பச்சைப் பாசியையே பெரிதும் நம்பி வாழ்கிறது.

உலகப் பூநாரை இனங்கள் ஆறனுள் தொகையில் முதலிடம் சிறியதற்கே. அது 20 லட்சத்தையும் கடக்கும் என்பர். ஆயினும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் கவலைக்கு இடமற்றது பெரியதே; அச்சுறுத்தலை அண்மித்தது சிறியது! காரணம் யாது? பெரியது ஸ்பெயின், பிரான்சு முதல் நம் கட்ச் வரை பல இடங்களில் குஞ்சு பொரிக்கிறது. சிறியதற்கு உலகெங்கும் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே உள்ளன. கட்ச் அவற்றுள் ஒன்று. கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டம் முழுவதுமே தான்சானியாவின் நேட்ரான் ஏரியைத்தான் பெரிதும் சார்ந்துள்ளது. 2000-களில் அங்கே சோடா உப்பு ஆலைக்குத் திட்டம் எழுந்தபோது பறவை ஆர்வலர் பதறியது இதனாலன்றோ!

கூட்டம் பெரிதாயிருப்பதே காவலாகிவிடாது; ஒதுங்க வேறிடம் வேண்டும். இது தோணிரேவு மக்களுக்குப் புதிய செய்தியன்று. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்நீர் வரத்துக் குறையும். இறாலும் மீனும் அருகும். வலை வெறுமையாய்த் திரும்பும். அவர்களுக்கும் இந்த ஏரியை விட்டால் வேறு ஏரி இல்லை. பூநாரையைக் காண வருவோர், அதே நீரை நம்பியிருக்கும் அடுப்புகளையும் எண்ணிப் பார்ப்பது நன்று.