நுவரெலியாவில் ஓர் உறைபனிக் காலை

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நமக்குப் பனி என்றால் முற்றத்துப் புல்லில் நிற்கும் நீர்த்துளிதான். ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, தை மாதத்து விடியலில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

நான் தங்கிய வீட்டின் தோட்டக்காரப் பெரியவர் உருளைக்கிழங்குப் பாத்திகளை மூடியிருந்த சாக்குகளை அகற்றிக்கொண்டிருந்தார். பனி விழுமென்று எப்படி அறிந்தீர் என்றேன்.

"ராத்திரி வானத்திலே ஒரு மேகங்கூட இல்லீங்க ஐயா, காத்தும் அடங்கிப் போச்சு. அப்பவே மூடிட்டேன்."

அவர் அனுபவத்தால் அறிந்தது அறிவியலுக்கும் ஒத்ததே. பகலில் நிலம் பெற்ற வெப்பம், மேகப் போர்வையில்லாத இரவில் வானை நோக்கி வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாதலால் பள்ளங்களில் தேங்குகிறது. சாக்கு வெப்பத்தை உண்டாக்குவதில்லை. மண்ணின் வெப்பத்தை மண்ணுக்கே காத்துக் கொடுக்கிறது.

வீட்டிற்கும் இதுவே விதி. கம்பளி நம் உடற்சூட்டையே நமக்குக் காக்கும். ஆனால், கதவு சாளரங்களை அடைத்துவிட்டுக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பெரியவர் தம் லயன் அறையில் படுக்குமுன் கரிச்சட்டியை வெளியே வைத்துவிடுவாராம்.

வெயில் ஏறியதும் பள்ளத்திலிருந்த அயலவர் பாத்தியைப் பார்த்தேன். மூடாத செடிகள் வெந்தவைபோற் கருகிச் சாய்ந்திருந்தன. பல வார உழைப்பு ஓரிரவிற் போயிற்று. பெரியவர் ஒன்றும் பேசவில்லை; தம் சாக்குகளில் பாதியை எடுத்து அந்த வேலியின்மேல் போட்டார். அன்றிரவும் வானம் தெளிவாகவே இருந்தது.