கறுப்பு அடிக்காததற்குக் காரணம்

என்னுடைய 1954 செவர்லே 3100 பிக்கப் இளம் க்ரீம் நிறம். 'அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் காலத்துக் கலர், நல்ல ரசனை' என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வேன். ஆனால் நான் ஆசைப்பட்டது கறுப்பு. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் கறுப்பு. அதை அடிக்கத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

டெட்ராய்ட்டைச் சுற்றி ட்ராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று எங்கள் ஆட்கள் நிறைய உண்டு. பாதிப் பேருக்குச் சோறு போடுவது கார்த் தொழில். நானும் அதில்தான் இருக்கிறேன், ஆனால் கம்ப்யூட்டர் திரையில். கையில் க்ரீஸ் படாமலே காரோடு வாழ்ந்தவன். ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸுக்குப் போய்ப் போய்த்தான் புத்தி கெட்டது. 1995-இல் தொடங்கிய அந்த விழாவில் மைல் கணக்கில் பழைய கார்கள் ஊர்ந்து போகும். அதில் பாதி ஹாட் ராட். பழைய உடம்புக்குள் புது இஞ்சினைத் திணித்து, தாழ்த்தி, இஷ்டப்படி மாற்றிக் கட்டுகிற இந்தப் பைத்தியம் தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டிய இளைஞர்களிடம் ஆரம்பித்தது. அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-இலேயே சங்கம் வைத்துவிட்டார்கள். 1948-இல் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகையும் வந்தது.

இஞ்சின் கதையை நீட்டப் போவதில்லை. முன்பக்கம் மஸ்டாங் 2 பாணி சஸ்பென்ஷன், உள்ளே 350 வி8, ஆட்டோமேட்டிக் கியர். எல்லாரும் செய்கிற கூட்டணிதான். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. முறுக்கினால் முடிந்தது. தகடு வேலைக்கு அப்படி முடிவு கிடையாது. எப்போது போதும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அது தகட்டின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த டிரக்குகளில் கேபினின் பின் மூலைகள், கதவுக்குக் கீழே கால் வைக்கும் பகுதி, மட்கார்டின் அடி விளிம்பு, இவைதான் முதலில் போகும். என்னுடையதிலும் அப்படியே. துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, ஓரிடத்தில் ஒரு பொட்டு, ஆறிய பிறகு தள்ளி இன்னொரு பொட்டு என்று வெல்டு வைத்தேன். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். கேபினை மணல் அடித்துச் சுத்தம் செய்யலாம் என்றார்கள். அகலமான தகட்டில் முரட்டுத்தனமாக மணல் அடித்தாலும் தகடு விரிந்து நெளியும். அதனால் கதவுக்கும் கூரைக்கும் ரசாயனம் பூசி உரித்தேன். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர வைத்துத் தேய்த்துத் தூசி கிளப்புவது நுரையீரலுக்கு நல்லதில்லை.

வெறும் தகட்டின் மேல் எபாக்சி ப்ரைமர், அதன் மேல் பட்டி, பட்டியின் மேல் கெட்டியான தேய்ப்பு ப்ரைமர். இதுதான் வரிசை. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே எபாக்சி சரியாக இறுகாது. எனவே ஸ்ப்ரே வேலை எல்லாம் வெயில் காலத்துக்கு, தேய்ப்பது பனிக்காலத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன். தேய்ப்புக்குத்தான் மாதங்கள் போயின. ப்ரைமர் மேல் கறுப்புப் பொடியை லேசாகத் தடவிவிட்டு, முழங்கை நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் அப்படியே நிற்கும். நின்ற இடத்தில் மறுபடி பட்டி, மறுபடி ப்ரைமர், மறுபடி பொடி. 80-ஆம் எண் தாளில் தொடங்கி 180, 320, கடைசியில் தண்ணீர் விட்டு 600. முன் மட்கார்டு உருண்டு திரண்ட வடிவம், எதையும் மன்னிக்கும். கதவுதான் எமன். நடுப்பகுதி கிட்டத்தட்டத் தட்டை. அங்கே ஒரு தாள் கனத்துக்குப் பள்ளம் இருந்தாலும் ஒளிய இடமில்லை.

"என்னங்க, நேத்தும் இதே கதவைத்தானே தேய்ச்சீங்க?" என்று என் மனைவி காபியோடு வந்து கேட்டாள். ஆமாம், போன வாரமும் அதே கதவுதான்.

பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற பாடி ஷாப் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் வந்தவர் கதவைக் கண்ணால் பார்க்கவே இல்லை. மெல்லிய துணியைக் கைக்கடியில் வைத்து, விரலால் இல்லாமல் முழு உள்ளங்கையால், நீளவாக்கில் தடவிக்கொண்டே போனார். கைப்பிடிக்குக் கீழே நிறுத்தி, "இங்கே" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தைக் கதவு முழுக்கத் தெளித்து நனைத்தார். ஈரமான ப்ரைமர் கொஞ்ச நேரம் பெயிண்ட் மாதிரி மினுங்கும். கூரையிலிருந்த ட்யூப் லைட்டின் பிம்பம் அதில் நேர்கோடாக வந்து, அவர் சொன்ன இடத்தில் பாம்பாய் நெளிந்து, மறுபடி நேரானது.

"என்ன கலர்?" என்றார்.

"கறுப்பு."

பதில் சொல்லவில்லை. துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கணக்கு எளிது. பளபளப்பான எந்தப் பூச்சும், நேராகப் பார்க்கும்போது, மேல்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இதில் வித்தியாசமில்லை. வெளிர் நிறத்தில், உள்ளே இருக்கும் நிறமி மீதி ஒளியில் பெரும்பகுதியை நாலா பக்கமும் சிதறடிப்பதால், அந்த வெளிச்சத்தில் பிம்பம் அமுங்கிப் போகும். கறுப்பு மீதியை விழுங்கிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பிம்பம் மட்டும்தான், பிம்பம் நெளிந்தால் தகட்டின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆக என் முன்னால் இரண்டே வழி. இன்னொரு பனிக்காலம் முழுக்கத் தேய்ப்பது, அல்லது க்ரீம். நான் க்ரீம் டப்பா வாங்கினேன்.

மெட்டாலிக்கும் வேண்டாம் என்று வைத்தேன். அதிலுள்ள அலுமினியத் துகள், ஸ்ப்ரே கன் எவ்வளவு தூரத்தில் இருந்தது, பூச்சு எவ்வளவு ஈரமாக விழுந்தது என்பதைப் பொறுத்துப் படுக்கும் விதம் மாறும். கழற்றி அடித்த கதவும் மாட்டியிருந்த கேபினும் இரண்டு நிறமாக நிற்கும். பிறகு ஒட்டு வேலை செய்வதும் கஷ்டம். ப்ரைமரோடு நிறுத்தி அதையே ஸ்டைல் என்று ஓட்டுகிறவர்களும் உண்டு. தேய்ப்பு ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு பிடிக்கும். எங்கள் ஊர் உப்புக்கு அது தற்கொலை.

கடைசியில் பெயிண்ட் அடித்தது ஒரே பிற்பகல். கராஜை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, தரையை நனைத்து, வடிகட்டிய காற்றை ஃபேன் வைத்து உள்ளே தள்ளினேன். ஆவியை வெளியே இழுக்கும் பக்கத்தில் சாதாரண மோட்டாரை வைத்தால் ஒரு பொறி போதும். கேஸ் வாட்டர் ஹீட்டரை முந்தின நாளே அணைத்தாயிற்று. ஹார்டனர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமாவாக முடியலாம். வாசனையை வைத்து அதைக் கண்டுகொள்ளவும் முடியாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். 1.4 மில்லிமீட்டர் நாசில், முந்தைய பட்டை மேல் பாதி ஏறும்படி கை வீச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே டப்பாவில் போட்டிருந்த இடைவெளி. உறைந்த பிறகு 1500, 2000, 3000 தாள்களில் தேய்த்து பாலிஷ்.

மார்ச்சை ஒட்டி டெட்ராய்ட்டில் ஆட்டோராமா கண்காட்சி நடக்கும். அங்கே 1964 முதல் ரிட்லர் விருது கொடுக்கிறார்கள். அதற்குப் போட்டியிடும் கார்களின் அருகே நின்றால், கூரை விளக்குகள் கறுப்புக் கதவில் அடித்த நூல்போல ஓடும். அவர்கள் அந்த இன்னொரு பனிக்காலத்தையும், அதற்கடுத்ததையும் தேய்த்தவர்கள். நான் தேய்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, என் டிரக் சாமான் ஏற்றி ஓடுகிறது.

நீங்கள் பழைய வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தால், நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி விளக்கைப் போட்டு, கதவை நனைத்து, பிம்பத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். முகமூடிக்குப் பணம் மிச்சம் வையுங்கள்.