முங்கினால் தப்பிக்கலாமா?

(9-ஆம் வகுப்பு மாணவி எழுதியது)

நம் ஊரில் கோடை வந்தால் கிணற்றை ஆழப்படுத்துவார்கள். பாறை வந்துவிட்டால் வெடி வைப்பார்கள். என் அப்பாவும் அந்த வேலைக்குப் போகிறவர்தான். வெடிக்கும் முன் "வேட்டு, வேட்டு" என்று கத்துவார்கள். எல்லாரும் ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் நிற்போம். பயமெல்லாம் பறந்து வரும் கல்லுக்குத்தான்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த என் பெரியம்மா மகனுக்கு ஒரு கணக்கு. தண்ணிக்குள்ள கல் வராது, அதனால முங்கிக்கிட்டா ஒண்ணும் ஆகாது. சினிமாவில் கதாநாயகன் அப்படித்தானே தப்பிக்கிறான்!

போன மே மாதம் பழைய கல்குவாரிக் குட்டையில் யாரோ மீனுக்காகத் தோட்டா போட்டார்கள். (1897-லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை இது.) கரையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் எதிர்க்கரைப் பக்கம் நீந்திப் போய் முங்கினான். மேலே சத்தம்கூட பெரிசா இல்லையாம். தண்ணீர் எழும்பி அடங்கியது. கரையில் நின்ற ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அண்ணன் ஏறி வந்தபோது காதில் ரத்தம். வயிறு வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டான்.

"வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுங்க, இல்லாட்டி போலீஸ் கேஸ் ஆயிரும்" என்றார்கள் பெரியம்மா. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். உடம்பில் காயம் இல்லாததால் மாத்திரை கொடுத்து அனுப்ப இருந்தார்கள். அண்ணன் இருமினபோது எச்சிலில் ரத்தத்தைப் பார்த்தேன். எனக்குக் கை நடுங்கியது. நர்ஸ் அக்காவிடம் போய், "தண்ணிக்குள்ள வேட்டு வெடிச்சுது, அப்ப இவன் முங்கியிருந்தான்" என்று சொல்லிவிட்டேன். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் அடி. குடலில் பட்ட அடி சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் ஓட்டையாகும் என்று சொல்லி, படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, அது ஆகவில்லை. ஆனால் பெரியம்மாவும் அண்ணனும் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சொன்னது இது. காற்றை எளிதாக அமுக்கலாம். அதனால் காற்றில் வெடிக்கிற வெடியின் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். நம் மேல் வந்து மோதினாலும் பெரும்பகுதி தோலில் பட்டுத் திரும்பிவிடும். (பக்கத்தில் நின்றால் அதுவும் ஆபத்துதான்.) தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி, அமுங்கவே அமுங்காது என்று சொல்லலாம். அதனால் கல் பறக்காது, ஆனால் தள்ளுகிற அந்த அலை வெகுதூரம் குறையாமல் போகும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், தண்ணீரில் சுமார் 1500 மீட்டர். நம் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே? அலைக்கு நாமும் தண்ணீர் மாதிரிதான். தோலைத் தாண்டி நேரே உள்ளே போய், எங்கே காற்று இருக்கிறதோ அங்கே கிழிக்கும். காது, நுரையீரல், குடல். மீன் சாவதும் அதன் காற்றுப்பை வெடித்துத்தான்.

இரண்டாம் உலகப்போரில் கப்பல் மூழ்கிக் கடலில் மிதந்த மாலுமிகள் பலருக்கும், பக்கத்தில் நீருக்குள் குண்டு வெடித்தபோது இப்படித்தான் வெளியே காயமில்லாமல் உள்ளே அடிபட்டதாம்.

அப்போ சினிமா பொய்யா என்றேன். டீச்சர் சிரித்தார். கதாநாயகனுக்கு வெடி மேலே காற்றில், அவன் கீழே தண்ணீரில். காற்றில் வரும் ஒலியின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் இறங்கும், மீதி மேலேயே திரும்பிவிடும். அண்ணனுக்கு வெடியும் அதே தண்ணீரில், அவனும் அதே தண்ணீரில். அந்த நேரம் கரையேறத்தான் வேண்டும். முடியாவிட்டால் முங்காமல் மல்லாந்து, நெஞ்சும் வயிறும் மேலே தெரிய மிதக்க வேண்டும்.

வீட்டுத் தொட்டியில் நானும் தம்பியும் செய்து பார்த்தோம். அவன் தண்ணீருக்குள் இரண்டு கல்லை மெதுவாகத் தட்டினான். வெளியே சத்தம் சரியாகக் கேட்கவில்லை. தலையை உள்ளே விட்டால், அப்பா!

அண்ணன் போன வாரம் வந்திருந்தான். இடது காது இன்னும் மந்தம். காதில் தண்ணீர் படக் கூடாதாம், அதனால் தொட்டி ஓரமாக நின்று பார்த்தான்.

"எப்படிக் கேக்குது?"

"மண்டைக்குள்ளயே தட்டுற மாதிரி."

"ஆமா" என்றான். மே மாதத்துக்கு அப்புறம் என்னிடம் இப்போதுதான் பேசினான்.