தேயிலைக் கிளையில் பூத்த தீபங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் பட்டணத்துக் கடைவீதிகளில் புதுமையான கிளைகள் முளைத்துவிடுகின்றன. வேரில்லை, மண்ணில்லை, நீரும் வேண்டுவதில்லை. நுனிதோறும் சின்னஞ்சிறு மின்குமிழ் மட்டும் மினுக்குகின்றது. பூச்சாடியில் நிறுத்தி இவற்றால் வீட்டை அலங்கரிப்பது இந்நாளில் பலரும் விரும்பும் வழக்கமாகிவிட்டது. நாமும் அவற்றை வியந்து நோக்கி, விலையைக் கேட்டு, வெறுங்கையுடன் திரும்பியதுண்டு. ஆனால் அத்தகைய கிளையொன்றின் முழு அழகையும் நாம் கண்டது எந்தக் கடையிலும் அன்று. ஊவா மலைச்சரிவில் உள்ள ஒரு லயத்தின் இஸ்தோப்பிலே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். கொழும்புக் கோட்டையில் காலையில் புகையிரதம் ஏறினோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தில் உள்ள பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி, குகையொன்றின் இருளைக் கடந்ததும் ஊவா மாகாணம் நம்மை எதிர்கொண்டது. பண்டாரவளையும் எல்லவும் பின்னே சென்றன. இரும்புச் சட்டங்கள் இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது வண்டி மெல்ல ஊர்ந்தது. தெமோதரையில் பாதை வளைந்து சென்று, தான் விட்டுவந்த நிலையத்தின் அடியிலேயே நுழைந்து வெளிப்படும் விந்தையைக் காணச் சிறுவர்கள் ஜன்னல்களை மொய்த்தனர். 1924ஆம் ஆண்டில் பதுளை வரை நீண்ட இப்பாதை, மலையகத் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லவே பெரிதும் பயன்பட்டது.

பதுளையில் இறங்கியபோது மாலை மயங்கிவிட்டது. நமுனுகுல மலை முகிலுக்குள் மறைந்து நின்றது. பசறைப் பாதையில் சிறிது தூரம் சென்று, மழையில் நனைந்த ஒற்றையடிப் பாதையால் ஏறினோம். நாம் தங்கவிருந்த வீடு பழைய லயமொன்றின் கடைசிக் காம்பிரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னே சிறு இஸ்தோப்பு. பக்கச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம்.

"வாங்க, வாங்க. நல்லா நனைஞ்சிட்டீங்களே! அடுப்பாங்கரையில வந்து குளிர் காயுங்க" என்று வீட்டுக்கார அம்மாள் வரவேற்றார். ஆனால் நம் கால்கள் வாயிலிலேயே நின்றுவிட்டன.

இஸ்தோப்பின் மூலையில் ஒரு தேயிலைக் கிளை நின்றது. மூன்றடி உயரம், முறுகித் திரும்பிய கொம்புகள். கொம்புகளின் நுனிகளில் வெள்ளைக் காகித இதழ்களும் மஞ்சள் நடுவும் கொண்ட பூக்கள். ஒவ்வொரு பூவினுள்ளும் ஒரு துளி ஒளி! வெளியே மூடுபனி அடர அடர, அக்கிளை மேலும் மேலும் பூப்பதுபோல் தோன்றியது. பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றி அமர்ந்து, தத்தம் பாடப் புத்தகங்களை மறந்திருந்தனர்.

அதைச் செய்தவர் அம்மாளின் மகன். கவ்வாத்து வெட்டும் இளைஞர். தேயிலைச் செடியைத் தன்போக்கில் விட்டால் அது மரமாகவே வளர்ந்துவிடும். கொழுந்து கைக்கெட்டும் உயரத்தில் கிடைப்பதற்காக, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெட்டிக் குறுக்குவதே கவ்வாத்து. வெட்டிய கிளைகள் பெரும்பாலும் அடுப்புக்கு விறகாகும். அவற்றுள் வடிவான ஒன்றை இவர் தேர்ந்தெடுத்து, பாசியைத் தேய்த்து நீக்கி, நிழலில் உலர்த்தி, வெண்சுண்ணம் பூசி, வெற்றுப் பால்மா டின்னில் சீமெந்து கலவையிட்டு நட்டிருந்தார். பூவின் வடிவத்தைத் தேயிலைப் பூவிடமிருந்தே கற்றுக்கொண்டாராம்.

இவ்வழக்கத்தின் வரலாறும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயமேற்றி, கம்பிகளில் சுற்றிச் செயற்கைக் கிளைகள் செய்தனர். 1882ஆம் ஆண்டில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜோன்சன் என்பவர் நியூயோர்க்கில் தம் வீட்டு நத்தார் மரத்தில் 80 மின்குமிழ்களை ஏற்றிக் காட்டினார். நமக்கோ இஃது முற்றிலும் அந்நியமன்று. கிளை கிளையாய் விரிந்த பித்தளை விளக்குகளைக் கோயில்களில் கண்டவர்கள் நாம். கார்த்திகை விளக்கீட்டன்று வாழைக்குற்றியை நட்டு அதன் தலையில் தீபமேற்றுபவர்கள். வெசாக் நாளில் பதுளை முதியங்கன விகாரையைச் சூழ ஒளிரும் காகிதக் கூடுகளும் இக்கலையின் உறவினரே.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பழைய அலங்கார மாலைகளில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருந்தன. 230 வோல்ட் மின்சாரத்தை 20 குமிழ்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் பதினொன்றரை வோல்ட். ஒரு குமிழின் இழை அறுந்தால் மாலை முழுவதும் அணைந்துவிடும். அவற்றின் வெப்பமும் அதிகம். அவற்றின் மேல் காகிதப் பூவைப் பொருத்துவது ஆபத்து. இப்போதைய எல்.ஈ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தில், மிகக் குறைந்த சூட்டில் ஒளிர்வன. அவற்றுள் நீல ஒளி தரும் வகையைக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் பிறந்த அவ்வொளியின் வழித்தோன்றலே இந்த லயத்தில் காகிதத்தைச் சுடாமல் பூத்திருந்தது!

இரவு எட்டரை மணியானதும் இளைஞர் எழுந்து சென்று விளக்கை அணைத்தார். பிள்ளைகள் முணுமுணுத்தனர். "இன்னுங் கொஞ்சம் எரியட்டுமே" என்று நாமும் சொன்னோம்.

"இல்லைங்க. எல்லாரும் தூங்குற நேரத்துல எரியக் கூடாது. எங்களுக்கு ஒரே கூரை. ஒரு காம்பிராவுல தீப்பிடிச்சா வரிசையா எல்லாக் குடும்பமும் வெளியில நிக்கணும்" என்றார் அவர்.

நம் வாய் அடைத்துப் போயிற்று. பழைய கம்பிகளில் நேரும் மின்னொழுக்கால் லயங்கள் வரிசையாக எரிந்த செய்திகளை நாம் எத்தனை முறை பத்திரிகையில் வாசித்துப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்! அவற்றின் பொருள் அன்றிரவுதான் நமக்கு விளங்கியது.

அம்மாள் அடுப்பின் அருகே அமர்ந்து தம் சிறுபராயத்தைச் சொன்னார். எதிர்ச் சரிவில் தேயிலைத் தொழிற்சாலை இரவெல்லாம் மின்னொளியில் ஜொலிக்கும். இப்பால் லயத்தில் குப்பி விளக்கின் புகை. அந்தப் புகையில் நாலாம் வகுப்புவரை படித்தாராம். மலையாறுகளின் விசையைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாமென 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர எடுத்துரைத்தார். லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. ஊவாவிலேயே 120 மெகாவாட் ஆற்றலுள்ள உமா ஓயாத் திட்டம் 2024இல் திறக்கப்பட்டது. மலையின் நீர் நாட்டுக்கெல்லாம் ஒளி தந்தது. மலையில் உழைத்தவர்களின் காம்பிராவை வந்தடையவோ அவ்வொளிக்கு நெடுங்காலம் பிடித்தது.

"அந்தச் செடியை வளர விட்டதே இல்லைங்க. கிள்ளிக்கிட்டே இருந்தோம், வெட்டிக்கிட்டே இருந்தோம். இப்பத்தான் எங்க வீட்டுல நின்னு பூக்குது" என்றார் அம்மாள்.

மறுநாள் காலையில் புறப்பட்டோம். பகலொளியில் அக்கிளை வெறுஞ் சுள்ளியாகவே தோன்றியது. ஆயினும் அதனருகே, முந்திய இரவு மறந்துவிட்டுச் சென்ற புத்தகத்தைத் தேடி ஒரு சிறுமி வந்திருந்தாள். "இன்னைக்கும் போடுவீங்களா மாமா?" என்று அவள் கேட்டாள். "எட்டரை வரைக்கும்" என்றார் இளைஞர்.

வீட்டை அலங்கரிக்க விரும்பும் நேயர்கள் விலையுயர்ந்த கிளையைத் தேட வேண்டியதில்லை. தோட்டத்தில் வெட்டிய ஒரு கொம்பும் பழைய டின்னொன்றும் சிறிது காகிதமும் போதும். தேய்ந்த கம்பியைப் பயன்படுத்தாதிருங்கள். ஒரே செருகியில் பலவற்றைப் பிணைக்காதிருங்கள். உறங்குமுன் மறவாது அணையுங்கள். இயலுமாயின், அதனை வீட்டின் உள்ளறையில் வைக்காமல், அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்தமரும் வாயிலில் வையுங்கள்.